விளக்கு யாருடையது?

சினிமாவின் சரித்திரத்தை எழுதியோர் பலர். நடிகர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முதலாளிகளைப் பற்றியும், பாட்டுக்களைப் பற்றியும், தணிக்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். படச்சுருளுக்குப் பின்னால் நின்று எரிந்த விளக்கைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. விளக்கு இல்லையேல் படம் இல்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த விளக்கு எதனால் எரிந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார், அது அணைந்தபோது யார் இருட்டில் இருந்தார் என்று கேட்கத் தொடங்கினால், நாம் வேறொரு சரித்திரத்துக்குள் நுழைந்துவிடுகிறோம். ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளில் பூட்டிய அலுமாரிகளுக்குள் கிடக்கும் வீடியோ புரொஜெக்டர்களின் கதை அந்தச் சரித்திரத்தில் அண்மைக்கால அத்தியாயம். அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

எமது மலைகளில் மக்கள் இரவிலே கூடியிருந்து காட்சி பார்ப்பது சினிமாவோடு வந்த வழக்கமன்று. மாசி மாதத்து வளர்பிறையில் தொடங்கும் காமன் கூத்தைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த எமது முன்னோர் தம்மோடு கொண்டுவந்தனர். ரதியும் மன்மதனும் லயத்து வாசல்களில் ஆடி வருவதும், இறுதி இரவிலே காமன் எரிந்து சாம்பலாவதும் தீப்பந்தத்தின் ஒளியில் நடந்தவை. பின்னர் பெட்ரோமாக்ஸ் வந்தது. அந்த வெளிச்சத்துக்குத் தோட்டத்து மக்களே பொறுப்பு. பழந்துணியும் மண்ணெண்ணெயும் அவர்களிடமிருந்தே வந்தன. ஒரு பந்தம் மங்கினால் அருகில் நிற்பவர் எண்ணெய் வார்ப்பார், ஆட்டம் நிற்காது. கலையையும் விளக்கையும் ஒரே கைகள் பிடித்திருந்த காலம் அது.

சினிமா வந்தபோது இந்த இரண்டும் பிரிந்தன.

இலங்கையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்டது 1901 இல் என்றும், அதைப் பார்த்தோர் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும் போவர் யுத்தக் கைதிகளும் என்றும் சினிமா வரலாற்றாசிரியர் கூறுவர். அந்தக் கைதிகள் எமக்கு அந்நியரல்லர். 1900 ஆம் ஆண்டு தொடக்கம் தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட சுமார் ஐயாயிரம் போவர்கள் அடைக்கப்பட்டிருந்த முகாம், பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் அருகிலுள்ள தியத்தலாவையிலேதான் இருந்தது. சாம்ராச்சியம் தன் வெற்றியைத் தோற்றவனுக்கே காட்டிப் பெருமை கொண்டதாயின், அதில் வியப்பில்லை. தியத்தலாவை முகாமைச் சுற்றியிருந்த மலைகளில் அன்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் புதுமையைக் காட்ட யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்துப் படக்கருவியில் விளக்கே மிக ஆபத்தான உறுப்பு. சுண்ணாம்புக் கட்டியின்மீது ஒட்சிசனும் ஐதரசனும் கலந்த சுவாலையைப் பாய்ச்சி, அக்கட்டி வெண்ணிறமாகச் சுடர்வதைப் பயன்படுத்துவது ஒரு முறை. ஒட்சிசனோடு ஈதர் ஆவியை எரிப்பது மற்றொரு முறை. 1897 மே 4 ஆம் திகதி பாரிஸ் நகரத்துத் தருமச் சந்தை ஒன்றில் படம் காட்டிக்கொண்டிருந்தவர்கள் ஈதர் விளக்கை நிரப்பும்போது தீக்குச்சியைக் கிழித்தார்கள். சுமார் 126 பேர் எரிந்து மாண்டனர். பிரபுக் குடும்பத்துப் பெண்களே அவர்களில் அதிகம். ஐரோப்பியப் பத்திரிகைகள் சினிமாவையே பழித்தன. குற்றம் படத்தினுடையதன்று, விளக்கினுடையது.

1905 இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு நிகழ்ச்சி. டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர். நோயுற்றதால் தம் கருவியையும், இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படத்தையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். வாங்கியவர் தென்னிந்திய ரயில்வேயில் படம் வரையும் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட். வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். பின்னர் 1914 இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தரக் கொட்டகையை எழுப்பினார். இவரைத் தென்னிந்திய சினிமாவின் முன்னோடி என்று புகழ்கிறோம்; புகழட்டும். எம் கண்ணில் படுவது வேறு. அவர் சென்ற ஊர்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரமே இல்லை. ஆகவே படத்தையும் திரையையும் மட்டுமன்றி, வெளிச்சத்தையும் மூட்டை கட்டிச் சுமந்து செல்ல வேண்டியவர் அவர். பந்தம் பிடிப்பவனும் கூத்தாடுபவனும் மீண்டும் ஒருவரானார்கள் என்று சொல்லலாம். ஆனால் டிக்கட்டும் சேர்ந்துவிட்டது. சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்த பழைய கொட்டகையொன்றின் பெயர் 'எலக்ட்ரிக் தியேட்டர்'. அதன் கட்டடம் தபாற் கந்தோர் வளவுக்குள் இன்னும் நிற்கிறது. கொட்டகைக்குப் படத்தின் பெயரை வைக்காமல், விளக்கை எரித்த சக்தியின் பெயரை வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் மின்சாரமே காட்சிப்பொருள்.

இந்த மின்சாரத்தால் எரிந்தது கார்பன் வில் விளக்கு. இரண்டு கரிக்கோல்களின் நுனிகளைத் தொடவைத்துச் சற்றே பிரித்தால் இடையிலே ஒரு வில் தோன்றும். கோலின் நுனி மூவாயிரம் பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறி வெண்ணொளியைக் கக்கும். கோல்கள் எரிந்து குறுகிக்கொண்டே போகும். ஒப்பரேட்டர் அடிக்கடி திருகி இடைவெளியைச் சரிசெய்யாவிடில் திரை மஞ்சளாகும், பிறகு இருளும். சூடும் புகையும் நிறைந்த சிறு அறைக்குள், தீப்பற்றும் படச்சுருளின் அருகே நின்ற அந்தத் தொழிலாளியைச் சினிமாச் சரித்திரம் மறந்துவிட்டது. திரை மங்கியபோது சீழ்க்கையடித்துத் திட்டியவர்கள் மாத்திரமே அவனை நினைத்தார்கள்.

தோட்டங்களுக்கு வருவோம். ரயில் பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 இல் பதுளைக்கு ரயில் வந்தபோது தேயிலைப் பெட்டிகள் இலகுவாகக் கொழும்புக்கு இறங்கின. அப்பாதையில் தமிழ்ப் படங்களும் பின்னர் ஏறி வந்தன. பதுளைப் பட்டினத்துக் கொட்டகைகளுக்கு அவை வந்து சேர்ந்தன. ஆனால் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து லயங்களில் இருந்தோருக்குப் பட்டினம் என்பது சம்பள நாளுக்குப் பிறகு ஒருமுறை காணும் இடம்.

மின்சாரம் தோட்டத்தில் இல்லாமலில்லை. மலையோடை நீரை இரும்புக் குழாயில் இறக்கிச் சுழலியைச் சுற்றி, இலை உருட்டும் இயந்திரங்களை ஓட்டிய தேயிலை ஸ்டோர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல. ஸ்டோரில் வெளிச்சம் இருந்தது; துரையின் பங்களாவில் இருந்தது. சில நூறு யார் தள்ளியிருந்த லயத்தில் இல்லை. 1950 இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கி, நாட்டு மின்வலை மெல்ல மெல்லப் பரவியபின், பல தோட்டங்கள் தம் சிறு சுழலிகளைக் கைவிட்டன, அவை துருப்பிடித்தன. அப்போதும் லயத்துக்குக் கம்பி வரவில்லை. 1980களிலும் பெரும்பாலான லய அறைகளில் போத்தல் விளக்கின் புகையிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். கம்பிக்கும் லயத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை யாரால் அளக்க முடியும்?

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. 1934 இல் பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் எடுத்த 'இலங்கையின் பாடல்' என்ற படம் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பணம் தந்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அச்சபையின் பணம் ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த வரியிலிருந்து வந்தது. எனவே இலண்டன் திரையில் அப்படத்தைக் காட்டிய விளக்கில் எரிந்த எண்ணெய் எமது பாட்டிமாரின் கூடையிலிருந்து சென்றதே. 1948 இல் இலங்கை அரசாங்கம் தன் சொந்தத் திரைப்படப் பிரிவை அமைத்தது. அதே 1948 இல்தான் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. சுதந்திர தேசம் தன் முகத்தைப் பார்க்கக் கண்ணாடி ஒன்றை வாங்கிய ஆண்டிலேயே, யார் முகம் அதில் தெரியக்கூடாது என்பதையும் தீர்மானித்துவிட்டது.

பதினாறு மில்லிமீட்டர் படச்சுருள் இந்த நிலையைச் சற்று மாற்றியது. 1923 இல் கோடாக் கம்பனி வெளியிட்ட இச்சுருள் எளிதில் தீப்பற்றாதது. கருவி ஒருவர் தூக்கக்கூடியது. முக்கியமானது, அதற்குக் கரிக்கோல் வேண்டாம்; சாதாரண இழை மின்குமிழ் போதும். சிறு மின்பிறப்பாக்கி ஒன்று இருந்தால் வெட்டவெளியும் கொட்டகையாகும். பிரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட இரவுகளை எமது தோட்டத்து முதியோர் இன்றும் சொல்வார்கள். துணிக்குப் பின்னால் அமர்ந்து எழுத்துக்களை இடம்வலம் மாறிப் பார்த்தவர்களும் உண்டு. இலங்கையில் எடுக்கப்பட்ட முதலாவது தமிழ்ப் படமாகிய 'சமுதாயம்' 1962 இல் இந்தப் பதினாறு மில்லிமீட்டரிலேயே எடுக்கப்பட்டது. ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களக் கலைஞர் அதன் இயக்குநர். ஏழைக் கலைக்கு ஏழை விளக்கு என்று இதை இகழ்ந்தோர் உண்டு; நாம் அப்படி நினைக்கவில்லை. குமிழ் உடைந்தால் பட்டினத்துக் கடையில் இன்னொன்று வாங்கி, ஒப்பரேட்டரே மாற்றினான். அதுவே போதும்.

1982 இல் ரூபவாகினி வந்தது. வீடியோ டெக்கும் வந்தது. 1983 ஜூலை 27 இல் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த மாதம் நாட்டில் எரிந்த கொட்டகைகளையும் படச்சுருள்களையும் பற்றிப் பிறர் எழுதியிருக்கிறார்கள். அதன்பின் மக்கள் வீட்டுக்குள்ளே சிறு பெட்டியின் முன் ஒடுங்கினார்கள். பெட்டிக்குத் தனியாக விளக்கில்லை.

இனி வீடியோ புரொஜெக்டர். இக்கருவியின் உள்ளே தீப்பெட்டியிலும் சிறிய ஒரு தகடு உண்டு. அதிலே படம் உருவாகிறது. அத்தகட்டின் ஊடாகவோ அதன்மேல் பட்டுத் தெறித்தோ ஒளி செல்லவேண்டும். தகடு சிறிதாகையால் ஒளியும் மிகச் சிறிய இடத்திலிருந்து பிறக்கவேண்டும். இதற்குத் தீர்வாகப் பிலிப்ஸ் கம்பனி 1995 இல் ஒரு குமிழைக் கொண்டுவந்தது. உள்ளே பாதரச ஆவி. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இருநூறு மடங்கு. மின்வில்லின் நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். கடுகளவு இடத்தில் ஒரு சூரியன். விஞ்ஞானத்தின் மகத்தான சாதனை இது, மறுப்பவர் மூடர்.

ஆனால் இந்தச் சூரியன் இரண்டாயிரம் மணி நேரம், மிஞ்சினால் நாலாயிரம் மணி நேரம் எரியும். பிறகு மங்கும், சில வேளை வெடிக்கும். ஒவ்வொரு கம்பனியும் தன் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறு வேறு கூட்டில் குமிழைப் பொருத்தியது. ஒன்றின் குமிழ் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கருவிக்குள்ளே மணி எண்ணும் கணக்குப்பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவன் கணக்கு முடிந்தால் எச்சரிக்கை எழுதுவான்; சில கருவிகளில் கதவையே சாத்திவிடுவான். கருவியை ஒருமுறை விற்பது, குமிழை ஆயுள் முழுவதும் விற்பது என்னும் வியாபார தருமம் இதுதான். தோட்டக் கடையில் கடன் பற்று எழுதிய எமது பாட்டனாருக்கு இத்தருமம் புதிதன்று.

இந்தக் கருவிகள் எமது பாடசாலைகளுக்கு நன்கொடையாக வந்தன. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின என்பதை வாசகர் அறிவர். விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத குறை இன்றும் தீரவில்லை. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் இருதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் சுவரில் காட்டக்கூடிய கருவி ஓர் ஆசிரியனுக்குச் சமம். நன்கொடை தருபவர் கருவியைத் தருகிறார், படமும் எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது குமிழை யாரும் தருவதில்லை. குமிழ் போனதும் கருவி அலுமாரிக்குப் போகிறது. பொருட்பதிவேட்டில் 'நல்ல நிலையில்' என்றே இருக்கும்.

2022 இல் இது உச்சத்தை அடைந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்று சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360. நூறு டொலர் விலையுள்ள ஒரு குமிழை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆகவே இருபது நாள் கொழுந்துக்கு வாங்கக்கூடியதாயிருந்த குமிழுக்கு, நான்கு மாதத்தில், முப்பத்தாறு நாள் கொழுந்து பறிக்கவேண்டியதாயிற்று. மார்ச் இறுதியில் மின்வெட்டோ நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. கருவி, குமிழ், மின்சாரம் மூன்றும் இல்லாத வகுப்பறையில் வெண்கட்டி ஒன்றே மிஞ்சியது.

இந்த இடத்தில்தான் கைத்திறன் நுழைகிறது. எமது விஞ்ஞானப் பாடப்புத்தகம் 'ஒளிகாலும் இருவாயி' என்று பெயரிட்டிருக்கும் எல்.ஈ.டி. 1962 இல் சிவப்பு நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தது; ஒளிமிக்க நீலம் தோன்ற முப்பது ஆண்டுகள் சென்றன. 1993 இல் யப்பானிய நாகமுரா ஒளிமிக்க நீல இருவாயியை உருவாக்கினார். அதிலிருந்து வெள்ளை ஒளி பிறந்தது. 2014 இல் அவருக்கும் அகசாகி, அமானோ ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நூறு வாற்று எல்.ஈ.டி. ஒன்று தபால் முத்திரை அளவுள்ள முகத்தோடு சாதாரண மின்பொருட் கடையில் கிடைக்கிறது. அணைந்த பாதரசக் குமிழின் இடத்தில் இதைப் பொருத்தினால் என்ன? உலகின் பல நாடுகளில் வீட்டு மேசைகளில் இவ்வேலை நடந்திருக்கிறது.

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் இது செய்யப்பட்டதை நாம் அறிவோம். பட்டினத்தில் தொலைக்காட்சி திருத்தும் தொழிலாளி ஒருவரும் உயர்தர மாணவர் சிலரும் செய்தார்கள். எல்.ஈ.டிக்குச் சுமார் 32 வோல்ற்று, மூன்று அம்பியர் வேண்டும்; மின்னோட்டத்தை மாறாமல் காக்கும் சிறு சுற்றொன்று அதற்கு முன் வேண்டும், இல்லையேல் அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். சூட்டை இறக்கப் பழுதடைந்த கணினியிலிருந்து கழற்றிய அலுமினியச் செட்டைகளும் விசிறியும் பயன்பட்டன. ஒளியைக் குவிக்க முன்னால் ஒரு தடித்த வில்லை. இவையெல்லாம் எளிது. கடினம் எதிலென்றால், கருவியை ஏமாற்றுவதில். பழைய குமிழை ஏற்றும் பகுதி, குழல் விளக்கின் சோக்கைப் போன்றது, 'விளக்கு எரிந்துவிட்டது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பினாலன்றி மூளை படத்தைத் திறக்காது. அச்செய்திக் கம்பியைக் கண்டுபிடித்து, விளக்கு எரிவதாகப் பொய்யுரைக்க வேண்டும். சில மாதிரிகளில் அது ஒரே கம்பி. சிலவற்றில் இரு பகுதிகளும் இலக்க மொழியில் உரையாடும், அங்கே இத்தந்திரம் பலியாது. அத்துடன், பழைய சோக்குப் பகுதியிலுள்ள கொள்ளளவிகள் மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். திருத்தத் தெரிந்தவரின்றி மாணவர் கை வைக்கக் கூடாத வேலை இது.

பயன் என்ன? படம் தெரிந்தது, ஆனால் மங்கலாக. கடுகளவு இடத்தில் பிறந்த ஒளியை ஒரு சிறு தகட்டின் ஊடே செலுத்தலாம். தபால் முத்திரை அளவில் பரந்து பிறந்த ஒளியை எந்த வில்லையாலும் அவ்வாறு முழுமையாக ஒடுக்க முடியாது. இது பௌதிக விதி. ஏழைக்கென்று சலுகை காட்டாது. ஈராயிரம் லூமென் தந்த கருவி இப்போது சில நூறு லூமென் தந்தது. யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, படத்தை ஒரு மேசை அளவுக்குச் சுருக்கி, பிள்ளைகளை முன்னால் நெருக்கி அமர்த்தவேண்டியிருந்தது. மார்கழி மழைக் காலத்தில் பதுளையின் வானம் பகலிலும் இருண்டிருப்பதை நாம் முதன்முறையாக வரவேற்றோம். சூடு குறைந்ததாலும் செலவாகும் மின்சாரம் குறைந்ததாலும், மின்வெட்டு நாளில் லொறி பற்றரியும் ஒரு சிறு மாற்றியும் கொண்டு கருவியை ஓட்டவும் முடிந்தது. பழைய குமிழால் அது ஆகியிராது. எல்.ஈ.டி. போனால் இன்னொன்று வாங்க ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் தேவையில்லை. எவ்விடத்துக் கடையிலும் அது உண்டு. கம்பனியின் கூடு வேண்டாம்.

இதைக் கேட்ட அதிகாரிகள் சிலர் பாராட்டக்கூடும். பாராட்டு எமக்கு அச்சமூட்டுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர், தாமே செய்துகொள்வார்கள் என்று சொல்லி வலயத்துப் பாதீட்டில் ஒரு வரியை வெட்டிவிடுவது மிக எளிது. பட்டினத்துப் பெரிய பாடசாலையில் ஈராயிரம் லூமெனும் எமது பாடசாலையில் சில நூறு லூமெனும் சமமல்ல. எமது மலைகளின் நீரிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் போகிறது. உமா ஓயாத் திட்டம் மாத்திரம் 120 மெகாவாற்று, 2024 இல் திறக்கப்பட்டது. அதன் சுரங்கத்தால் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதையும் வீடுகள் வெடித்ததையும் நாடு அறியும். கேட்பது தானமல்ல.

பழைய பாதரசக் குமிழ் என்னாயிற்று என்று ஒரு மாணவி கேட்டாள். உடைந்தால் ஆவி பரவும். குப்பைக் கிடங்கில் எறிந்தால் மழைநீரோடு ஓடைக்குப் போகும். அந்த ஓடையிலிருந்துதான் கீழ் லயத்தார் தண்ணீர் எடுக்கிறார்கள். பிஸ்கட் தகரமொன்றில் பஞ்சு வைத்து அதைப் பொதிந்து, மேலே திகதி எழுதி, ஆய்வுகூட அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். அதைப் பொறுப்பேற்கக் கூடியவர் யார் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.